காணாமல் போனாரா, ஆக்கப்பட்டாரா?

கோ - வெண்ட் - கான். ஈட் - ஏட் - ஈட்டன். ஆறாங்கிளாஸ்ல மூணு பத்தியா கோடு போட்டு மனப்பாடம் பண்ண வெச்சாங்களே, ஞாபகம் இருக்கா மக்களே? அந்த மூணாவது பத்திக்குப் பேருதான் பாஸ்ட் பார்ட்டிசிப்பிள். ரென் அண்டு மார்ட்டினைக் கரைச்சுக் குடிச்சவங்களுக்கு இன்னொண்ணும் ஞாபகம் இருக்கலாம். சில வினைச்சொற்களுக்கு அந்த மூணாவது பத்தியில ஒரு சொல் இருக்காது, ரெண்டு சொல் இருக்கும். ப்ரூவ்ட், ப்ரூவன். ஹங், ஹேங்டு. மெல்ட்டட், மோல்ட்டன். எதை வேணும்னாலும் எழுதிக்கலாம்னு சொல்லிட்டு வாத்தியார் அடுத்த பாடத்துக்குப் போயிடுவார்.

பரீட்சைக்கு எழுதறவனுக்கு அது போதும். மொழிபெயர்க்கிறவனுக்குப் போதாது. குறிப்பா ஸ்பானிஷிலேர்ந்து ஆங்கிலத்துக்கு வர்றவனுக்கு. ஏன்னா ஸ்பானிஷிலயும் இதே மாதிரி ரெட்டைப் பிள்ளைகள் உண்டு. ஆனா எந்த வினைக்கு ரெட்டை, எந்த வினைக்கு ஒத்தைங்கிறதுல ரெண்டு மொழிக்கும் பொருந்தாது. ஒரு பக்கம் ரெண்டா இருக்கறது இன்னொரு பக்கம் ஒண்ணாயிடும். ஒண்ணா இருக்கறது ரெண்டாயிடும்.

முதல்ல சாப்பாட்டு மேட்டர். ஸ்பானிஷில் 'ஃபுந்தீதோ'ன்னா உருகியது. சீஸ் உருகினாலும் அதே சொல், இரும்பு உருகினாலும் அதே சொல். ஆங்கிலத்துல சீஸுக்கு மெல்ட்டட், இரும்புக்கு மோல்ட்டன். மாத்திப் போட்டா ரொட்டி மேல எரிமலைக் குழம்பை ஊத்தின மாதிரி ஆயிடும் :) அதே மாதிரி 'உந்தீதோ'ன்னா மூழ்கியது. கப்பல் மூழ்கடிக்கப்பட்டுச்சுன்னு செய்தியா சொன்னா சங்க், கடலடியில் கிடக்கிற கப்பல்னு சொன்னா சங்கன். முதலாவது நடந்த காரியம், ரெண்டாவது இப்போ அது இருக்கிற நிலைமை. ஸ்பானிஷ்காரர் ரெண்டுக்கும் ஒரே சொல்லைச் சொல்லிட்டுப் போயிடறார்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஸ்பானிஷில் அச்சிட்டதுன்னு சொல்ல இம்ப்ரிமீதோ, இம்ப்ரெஸோன்னு ரெண்டு. பொரிச்சதுக்கு ஃப்ரெயீதோ, ஃப்ரீத்தோன்னு ரெண்டு. லத்தீனிலேர்ந்து அப்படியே வந்த பழைய வடிவம் ஒண்ணு, இலக்கண விதிப்படி பின்னாடி உண்டான வடிவம் இன்னொண்ணு. ரெண்டுமே சரிதான்னு ஸ்பானிஷ் அகாடமியும் சொல்லிடுச்சு. ஆங்கிலத்துக்கு வரும்போது ரெண்டும் ஒரே ப்ரிண்டட், ஒரே ஃப்ரைட். பிரச்சினையே இல்லை. ஆனா ஆசீர்வதிக்கிற வினையைப் பாருங்க. பாதிரியார் தண்ணியை ஆசீர்வதிச்சிருக்கார்னு சொல்ல 'பெந்தெஸீதோ'. அந்தத் தண்ணியோட பேரு 'ஆக்வா பெந்தீத்தா'. ரெண்டாவதை ஆங்கிலத்துல ஹோலி வாட்டர்னுதான் எழுதணும். பார்ட்டிசிப்பிளே காணாமப் போயிடுது!

காணாமல் போறதைப் பத்தித்தான் இந்தப் பதிவே. அதுக்கு முன்னாடி தூக்கு மேடை வழியா கொஞ்சம் போயிட்டு வரணும்.

ஆங்கிலத்தில் ஹங், ஹேங்டு ரெண்டு வந்ததுக்கு ஒரு வரலாறு இருக்கு. பழைய ஆங்கிலத்துல 'தொங்கு', 'தொங்கவிடு'ன்னு தனித்தனி வினைகள் இருந்துது. வைக்கிங்குகள் கொண்டுவந்த நார்ஸ் மொழிச் சொல்லும் கூட வந்து சேர்ந்துக்கிச்சு. எல்லாம் கலந்து ஒரே வினையாச்சு. வடக்குப் பக்கத்து ஹங், 16ஆம் நூற்றாண்டு வாக்கில் எல்லா இடத்துலயும் பரவிடுச்சு. ஒரு இடத்தைத் தவிர. கோர்ட்டு. நீதிபதிகள் தீர்ப்பு வாசகத்தை மாத்த மாட்டாங்க இல்லையா? அதனால சட்டை, படம், திரைச்சீலை எல்லாம் ஹங் ஆச்சு, மனுஷன் மட்டும் ஹேங்டாவே நின்னுட்டான். ஸ்பானிஷில் இதுக்கு வேற வேற வேர்ச்சொல்லே இருக்கு. தூக்குமரத்துக்கு 'ஓர்கா'ன்னு பேரு. அதுலேர்ந்து வந்தது அவொர்காதோ, தூக்கிலிடப்பட்டவன். சும்மா தொங்குறது கொல்காதோ. (தமிழ்க் காதுக்கு ரெண்டாவதுதான் பயமா இருக்கு, என்ன செய்ய.) இங்க மொழிபெயர்ப்பாளருக்கு வழி சுலபம். அவொர்காதோ வந்தா ஹேங்டு.

ப்ரூவனுக்கும் கோர்ட்டு வாசனை உண்டு. அது ஸ்காட்லாந்துலேர்ந்து வந்த வடிவம். குற்றவாளின்னும் சொல்லாம, நிரபராதின்னும் சொல்லாம, 'நிரூபிக்கப்படவில்லை'ன்னு மூணாவதா ஒரு தீர்ப்பு ஸ்காட்லாந்து நீதிமன்றங்கள்ல பல தலைமுறையா இருந்துது. அந்தத் தீர்ப்பு வழியாத்தான் 'நாட் ப்ரூவன்'ங்கிறது உலகத்துக்குத் தெரிஞ்சுது. ஸ்பானிஷ்ல 'ப்ரொபாதோ'ன்னு ஒரே சொல். அதை ப்ரூவ்ட்னு எழுதறதா ப்ரூவன்னு எழுதறதான்னு எடிட்டர்கள் சண்டை போடலாம். அர்த்தம் மாறாது, யார் தலையும் போகாது.

தலை போற இடம் அடுத்தது.

ஸ்பானிஷில் சாகிறதுக்கு 'மொரீர்', கொல்றதுக்கு 'மத்தார்'. செத்தவன் முவெர்த்தோ. கொல்லப்பட்டவன் மத்தாதோன்னுதானே வரணும்? வரலை. பழைய ஸ்பானிஷில் ரொம்ப காலம், செர்வாந்தெஸ் காலம் வரைக்கும், கொல்ற வினைக்கும் முவெர்த்தோவைத்தான் மூணாவது பத்தியில் கடன் வாங்கிப் போட்டுக்கிட்டாங்க. அதனால 1600 வாக்கில் எழுதின ஒரு வரியில் முவெர்த்தோன்னு வந்தா, அவன் தானா செத்தானா, யாராவது கொன்னாங்களான்னு அந்தச் சொல்லை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பக்கத்துல 'ஆ'ன்னு ஒரு ஒத்தை எழுத்து இருக்கா, 'போர்'னு ஒரு குட்டிச் சொல் இருக்கான்னு பார்க்கணும். இருந்தா கொலை. இல்லைன்னா சாவு. ஆங்கிலத்தில் டைட், டெட், கில்ட்னு மூணு சொல் வரிசையா நிக்கும். மொழிபெயர்ப்பாளர் ஒண்ணைத்தான் எடுக்கலாம். எடுத்த அந்த நிமிஷம் அவர் கிட்டத்தட்ட போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுட்டார்.

நம்ம ஆளுங்க இதை ரெண்டாயிரம் வருஷம் முன்னாடியே யோசிச்சுட்டாங்கன்னு ஆரம்பிச்சா அடிக்க வருவீங்க. ஆனாலும் ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கறேன். தொல்காப்பிய உரைகள்ல 'புலி கொல் யானை'ன்னு ஒரு உதாரணம் வரும். புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? தடுமாறு தொழிற்பெயர்னு அதுக்குப் பேரே வெச்சிருக்காங்க. இந்தத் தடுமாற்றத்தை ஒரு ராணுவ அரசாங்கம் வேணும்னே உபயோகிச்சா என்ன ஆகும்?

நிற்க.

1976 மார்ச் 24. அர்ஜென்டினாவில் ராணுவம் ஆட்சியைப் பிடிச்சுது. தலைவர் ஜெனரல் விதேலா. அடுத்த ஏழு வருஷத்தில் மாணவர்கள், தொழிற்சங்கக்காரர்கள், வக்கீல்கள், பத்திரிகைக்காரர்கள், கர்ப்பிணிப் பெண்கள்னு ஆயிரக்கணக்கான பேரை வீட்டிலேர்ந்தும் தெருவிலேர்ந்தும் தூக்கிட்டுப் போனாங்க. நம்பர் பிளேட் இல்லாத ஃபோர்டு ஃபால்கன் கார் வந்து நின்னாலே தெரு அடங்கிப் போகும். போலீஸ் ஸ்டேஷன்ல கேட்டா 'இங்க இல்லை'. ராணுவ முகாம்ல கேட்டா 'தெரியாது'. கோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டா தள்ளுபடி. அவங்களுக்கு ஒரு பேர் நிலைச்சுது: தெசபரெசீதோஸ். காணாமல் போனவர்கள்.

சொல் புதுசு இல்லை. குவாத்தமாலாவில் 1966லேயே ஆளைப் பிடிச்சுட்டுப் போய் இல்லைன்னு சொல்ற வித்தை நடந்திருக்கு. ஆனா இந்தச் சொல்லை உலகம் முழுக்கத் தெரிய வெச்சது அர்ஜென்டினாதான்.

இப்போ இலக்கணத்துக்கு வாங்க. 'தெசபரெஸேர்'னா மறைஞ்சு போறது. தன்வினை. விழுந்த மரம், ஓடின கைதி, காணாமல் போன ஆடு மாதிரி, இதோட பார்ட்டிசிப்பிளும் போனவனைத்தான் காட்டும். போக வெச்சவனைக் காட்டாது. மரம் விழுந்துதுன்னா கோடாலி கண்ணுக்குத் தெரியாது பாருங்க, அதேதான். ராணுவத்துக்கு இது ரொம்ப வசதியாப் போச்சு. வெளிநாட்டுக்கு ஓடிட்டாங்க, தலைமறைவா இருக்காங்க, அவங்க இயக்கத்துக்காரங்களே கொன்னிருப்பாங்கன்னு என்ன வேணா சொல்லலாம். சொல்லில் எழுவாய் இருக்கு, குற்றவாளி இல்லை.

1979 டிசம்பர்ல ஒரு பத்திரிகையாளர் சந்திப்பு. ஹோஸே இக்னாசியோ லோபஸ்ங்கிற நிருபர் எழுந்து நேரடியா கேட்டுட்டார், காணாமல் போனவங்களைப் பத்தி என்ன சொல்றீங்கன்னு. விதேலா கையை ஆட்டி ஆட்டிச் சொன்ன பதில் வீடியோவா இருக்கு. தெசபரெசீதோங்கிறவன் ஒரு விடை தெரியாத கணக்கு, அவனுக்கு இருப்பே கிடையாது, உயிரோடவும் இல்லை, செத்தும் இல்லை, காணாமல் போயிருக்கான், அவ்வளவுதான் - இதுதான் அவர் சொன்னதோட சாரம். முவெர்த்தோவும் இல்லையாம், உயிரோடவும் இல்லையாம், நடுவுல ஒரு பார்ட்டிசிப்பிளாம். ஒரு நாட்டோட தலைவர் இலக்கணத்துக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டதை நான் வேற எங்கயும் பார்த்ததில்லை.

அதே வருஷம் செப்டம்பர்ல ஒரு சட்டமும் கொண்டுவந்தாங்க. காணாமல் போனவர் இறந்துட்டதா அனுமானிச்சு அறிவிக்கலாம்னு. அதாவது எப்படிச் செத்தார், யார் கொன்னாங்கன்னு யாரும் கேட்காம, தெசபரெசீதோவை எடுத்துட்டு அந்த இடத்துல முவெர்த்தோவை வைக்கலாம். 'இறந்தகாலம்'னு தமிழ்ல சொல்றோமே, அதை இவ்வளவு அப்பட்டமா எடுத்துக்கிட்டவங்க இவங்கதான்.

முகாம்களுக்குள்ள இன்னும் ரெண்டு பார்ட்டிசிப்பிள் புழங்குச்சு. கடத்திக் கொண்டுவந்த ஆளுக்கு 'சுப்பாதோ'. உறிஞ்சப்பட்டவன்னு அர்த்தம். ஜூஸ் உறிஞ்சற வினைதான். ரெண்டாவது 'த்ரஸ்லதாதோ', இடமாற்றப்பட்டவன். நம்ம ஊர்ல ட்ரான்ஸ்ஃபர் ஆர்டர் வாங்கின குமாஸ்தாவுக்குச் சொல்ற சொல். ஆனா புவெனஸ் ஐரிஸ்ல கடற்படையோட இயந்திரப் பள்ளியில் புதன்கிழமை இடமாற்றம்னா, மயக்க ஊசி போட்டு விமானத்துல ஏத்தி, உயிரோட தண்ணிக்கு மேலேர்ந்து கீழ தள்றது. இதை ஆங்கிலத்துல எப்படிப் போடுவீங்க? கொல்லப்பட்டார்னு போட்டா உண்மை வெளிய வந்துடும், ஆனா அந்தப் பாவிகள் எப்படிப் பேசினாங்கன்னு தெரியாம போயிடும். ட்ரான்ஸ்ஃபர்ட்னு போட்டா அவங்க குரல் அப்படியே கேட்கும், ஆனா விவரம் தெரியாதவர் நம்பிடுவார். மேற்கோள் குறி போட்டு ட்ரான்ஸ்ஃபர்ட்னு எழுதறதுதான் ஓரளவு நேர்மையான வழின்னு எனக்குத் தோணுது. மார்கரீட் ஃபெய்ட்லோவிட்ஸ்னு ஒரு அமெரிக்க மொழிபெயர்ப்பாளர் இந்தச் சொற்களையெல்லாம் தேடித் தேடிச் சேர்த்து 1998ல் 'எ லெக்ஸிகன் ஆஃப் டெரர்'னு புத்தகமே எழுதினார்.

இங்க ஒரு விசித்திரம் சொல்லியாகணும். லத்தீன்ல 'எடுத்துச் செல்' வினை ட்ரான்ஸ்ஃபெர்ரே. அதோட மூணாவது பத்தி ட்ரான்ஸ்லாத்துஸ். முதலாவதிலேர்ந்து ஆங்கிலத்துக்கு ட்ரான்ஸ்ஃபர் வந்துது, மூணாவதிலேர்ந்து ட்ரான்ஸ்லேட் வந்துது. அதே ட்ரான்ஸ்லாத்துஸோட பேரப்பிள்ளைதான் இந்த த்ரஸ்லதாதோவும். அகராதியைப் பார்த்தா அந்த ஸ்பானிஷ் வினைக்கு மொழிபெயர்க்கறதுங்கிற பொருளும் உண்டு. மொழிபெயர்ப்பாளரோட தொழில் பேரைத்தான் கொலைக்கு வெச்சிருக்காங்க.

சரி, தெசபரெசீதோ ஆங்கிலத்துக்கு வந்த கதைக்கு வருவோம்.

ஆங்கிலப் பத்திரிகைகள் கையில முதல்ல இருந்த சொல் மிஸ்ஸிங். பூனைக்குட்டி தொலைஞ்சாலும் மிஸ்ஸிங், போர்ல சிப்பாய் திரும்பலைன்னாலும் மிஸ்ஸிங். தேடிக்கிட்டு இருக்கோம், கிடைச்சுடும்ங்கிற தொனி அதுல இருக்கு. இதுக்கு நேர் எதிரா 1982ல் ஒண்ணு நடந்துது. கோஸ்டா கவ்ராஸ் எடுத்த ஆங்கிலப் படம், சிலியில் 1973ல் ராணுவப் புரட்சி நடந்தப்போ கொல்லப்பட்ட சார்லஸ் ஹோர்மன்ங்கிற அமெரிக்க இளைஞரைப் பத்தினது. ஆங்கிலத்துல படத்தோட பேரு 'மிஸ்ஸிங்'. ஸ்பானிஷ் பேசுற ஊர்கள்ல அது 'தெசபரெசீதோ'ன்னு ஓடுச்சு. அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு மிஸ்ஸிங்கோட நேர் மொழிபெயர்ப்பு பத்தாது போல.

அடுத்தது டிஸப்பியர்ட். ஆங்கிலத்திலும் இது தன்வினைதான். 'ஹீ டிஸப்பியர்ட்'னா அவனாவே மறைஞ்சான். அதனால ஆம்னஸ்டி அமைப்பு ரொம்ப வருஷம் அந்தச் சொல்லை மேற்கோள் குறிக்குள்ளயே வெச்சு எழுதிச்சு. 'இது எங்க சொல் இல்லை, அப்படி ஒரு பேச்சு'ன்னு அந்த ரெண்டு குறியும் சொல்லும். அப்புறம் மெல்ல 'தி டிஸப்பியர்ட்'னு பெயர்ச்சொல் மாதிரியே நிலைச்சுது. அதுக்கும் அப்புறம் வந்ததுதான் பெரிய திருப்பம்: 'ஹீ வாஸ் டிஸப்பியர்ட்'. தன்வினையைப் பிடிச்சுப் பிறவினையாக்கி, அதைச் செயப்பாட்டு வினையாவும் திருப்பிட்டாங்க. இலக்கண வாத்தியார் சிவப்பு மையால் வட்டம் போடுவார். போடட்டும். லத்தீன் அமெரிக்காவுல ஜனங்க ஸ்பானிஷிலும் இதையேதான் பண்ணினாங்க: 'லோ தெசபரெஸியெரோன்'. அவனைக் 'காணாமலாக்கிட்டாங்க'.

ஜோஸஃப் ஹெல்லர் 1961லேயே 'கேட்ச் 22' நாவல்ல இந்தத் தப்பை வேணும்னே பண்ணியிருக்கார். டன்பர்ங்கிற ஒருத்தனை 'டிஸப்பியர்' பண்ணப் போறாங்கன்னு ஒரு நர்ஸ் வந்து சொல்றா. கேட்டவனுக்கு ஒண்ணும் புரியலை, இது இலக்கணப்படியே தப்பாச்சேங்கறான். கொஞ்ச நாள்ல டன்பரைக் காணோம். பதினைஞ்சு வருஷம் கழிச்சு ஒரு நாட்டுல இது நெசமாவே நடக்கப் போகுதுன்னு அவருக்கு எங்க தெரியும்?

ராணுவ ஆட்சி 1983ல் போச்சு. எழுத்தாளர் எர்னெஸ்டோ சபாத்தோ தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைச்சாங்க. 1984ல் 'நுங்கா மாஸ்', 'இனி ஒருபோதும் வேண்டாம்'ங்கிற தலைப்புல அறிக்கை வந்துது. அதுல பதிவானவங்க 8,960 பேர். மனித உரிமை அமைப்புகள் 30,000ன்னு சொல்லுவாங்க. குழுவோட பேரை ஸ்பானிஷ்ல கவனமா வெச்சிருந்தாங்க, 'ஆட்கள் காணாமல் போனது குறித்த தேசியக் குழு'ன்னு. அதாவது போனவர்களைச் சொல்லாம போனதைச் சொல்ற பேரு. 1986ல் இந்த அறிக்கை ஆங்கிலத்துல வந்தப்போ அமெரிக்கப் பதிப்பு 'தி டிஸப்பியர்ட்'னு போட்டுச்சு, பிரிட்டிஷ் பதிப்பு 'டிஸப்பியர்ட் பீப்பிள்'னு போட்டுச்சு. ஒரே புத்தகம், ஒரே வருஷம், அட்லாண்டிக்குக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு முடிவு. அமெரிக்கப் பதிப்புல ஆள்ங்கிற சொல்லே போயிடுது, பார்ட்டிசிப்பிள் மட்டும் மிஞ்சுது. பிரிட்டிஷ்ல ஆள் இருக்கு, ஆனா அடிக்கிற அடி குறைஞ்ச மாதிரி இருக்கு. என்னைக் கேட்டா அமெரிக்கப் பதிப்புதான் சரி. வெறுமையைக் காட்டணும்னா சொல்லிலயும் வெறுமை இருக்கணும். பின்னால வட அயர்லாந்தில் ஐஆர்ஏ கொன்னு ரகசியமாப் புதைச்சவங்களுக்கும் 'தி டிஸப்பியர்ட்'ங்கிற பேருதான் நின்னுது. அவங்க உடல்களைத் தேட 1999ல் ஒரு தனி ஆணையமே வந்துது.

ஐ.நா.வும் ஒரு பார்ட்டிசிப்பிள்ல வந்து நின்னுது. ஸ்பானிஷ் அடைமொழி 'ஃபொர்சாதா'. பலவந்தமா செஞ்சது. 1994ல் அமெரிக்கக் கண்டத்து நாடுகள் செஞ்சுக்கிட்ட உடன்படிக்கை இதை ஆங்கிலத்துல 'ஃபோர்ஸ்டு'ன்னு எழுதிச்சு. 2006ல் ஐ.நா. பொதுச்சபை ஏத்துக்கிட்ட உடன்படிக்கை 'என்ஃபோர்ஸ்டு'ன்னு எழுதுது. ஸ்பானிஷ் பிரதிகள்ல ரெண்டுலயும் அதே ஃபொர்சாதாதான். சட்டத்தை அமல்படுத்தறதுக்கும் ஆங்கிலத்துல என்ஃபோர்ஸ்தான் சொல்றோம். அரசாங்கக் கை பட்ட வாசனை இதுல இருக்கறதால எனக்கு இதுவே பிடிச்சிருக்கு.

ஆனா சொல்லை யார் தேர்ந்தெடுக்கறதுங்கிற சண்டை மொழிபெயர்ப்பாளர் மேசையில மட்டும் நடக்கலை. 1977 ஏப்ரல் 30. பிள்ளைகளைத் தொலைச்ச 14 அம்மாக்கள் புவெனஸ் ஐரிஸில் ஜனாதிபதி மாளிகைக்கு எதிர்ல இருக்கிற பிளாசா தெ மாயோ சதுக்கத்தில் கூடினாங்க. கூட்டமா நிக்கக் கூடாது, நடங்கன்னு போலீஸ் சொல்லிச்சு. சரின்னு ரெண்டு ரெண்டு பேரா நடக்க ஆரம்பிச்சாங்க. தலையில வெள்ளைத் துணி. ஒவ்வொரு வியாழக்கிழமையும். அவங்களைச் சேர்த்தவர் அசுசேனா வில்யாஃப்ளோர். அதே வருஷம் டிசம்பர் 10ஆம் தேதி அவரையும் தூக்கிட்டுப் போயிட்டாங்க. தெசபரெசீதோக்களைத் தேடினவரே தெசபரெசீதா ஆனார்.

ஜனநாயகம் வந்தப்புறம், 1984லேர்ந்து அர்ஜென்டின தடயவியல் மானுடவியல் குழு பேர் தெரியாத புதைகுழிகளைத் தோண்டி எலும்புகளை அடையாளம் காண ஆரம்பிச்சுது. நல்ல காரியம்தானேன்னு நமக்குத் தோணும். ஆனா அம்மாக்களில் ஒரு பிரிவு வேண்டாம்னுட்டாங்க. 1986ல் அமைப்பே ரெண்டாச்சு. எபே தெ பொனாஃபினி தலைமையில இருந்தவங்களோட வாதம் இதுதான்: எலும்பைக் கையில கொடுத்து, ஒரு சான்றிதழும் கொஞ்சம் நஷ்டஈடும் கொடுத்துட்டா, எங்க பிள்ளை முவெர்த்தோ ஆயிடுவான். செத்தவன் கதை முடிஞ்சுது, கேஸை மூடிடுவீங்க. கொன்னவன் பேரைச் சொல்ற வரைக்கும் அவன் தெசபரெசீதோதான். விதேலா எந்தச் சொல்லுக்குள்ள ஒளிஞ்சாரோ அதே சொல்லைத்தான் இந்த அம்மாக்கள் விடமாட்டேன்னு பிடிச்சுக்கிட்டாங்க. அவருக்கு அது கேள்வியைக் கேட்கவிடாத சொல். இவங்களுக்குக் கேள்வியை முடியவிடாத சொல். 'தி டிஸப்பியர்ட்'னு எழுதற மொழிபெயர்ப்பாளர் இந்த ரெண்டையும் ஒரே சொல்லில் தூக்கிச் சுமக்கிறார். இன்னொரு பிரிவு அம்மாக்கள், எலும்பாவது கிடைக்கட்டும், மண்ணு போட்டுட்டு அழறோம்னாங்க. இதுல யார் சரின்னு சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

2005ல் அசுசேனா வில்யாஃப்ளோரின் எலும்புகள் அடையாளம் காணப்பட்டன. 1977 டிசம்பர்ல கரை ஒதுங்கின உடல்களைப் பேர் தெரியாதவங்கன்னு ஒரு சின்ன ஊர் கல்லறையில் புதைச்சிருந்தாங்க. அதுல ஒண்ணு அவரோடது. எலும்பு முறிவுகளைப் பார்த்தா ரொம்ப உயரத்திலேர்ந்து விழுந்த அடையாளம். இருபத்தெட்டு வருஷம் கழிச்சு, தெசபரெசீதா, த்ரஸ்லதாதா, முவெர்த்தான்னு எல்லாப் பார்ட்டிசிப்பிளையும் தள்ளிட்டு, 'கொல்லப்பட்டார்'னு எழுத முடிஞ்சுது. அந்த டிசம்பர்லயே அவர் அஸ்தியை பிளாசா தெ மாயோவில், அவர் நடந்த இடத்துலயே புதைச்சாங்க.

இந்தச் சொல்லோட பயணம் ஆங்கிலத்தோட நிக்கலை. தமிழ் வரைக்கும் வந்துது. சுத்தி வளைச்செல்லாம் இல்லை, நேர் வழியாவே. லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள் பல வருஷம் போராடி வாங்கினதுதான் 2006 உடன்படிக்கை. அதை இலங்கை 2016 மே மாசம் ஏத்துக்கிச்சு. அதே வருஷம் கொழும்பு நாடாளுமன்றம் ஒரு அலுவலகத்துக்கும் சட்டம் போட்டுச்சு. அதோட ஆங்கிலப் பேர்ல இருக்கறது டிஸப்பியர்ட் இல்லை, மிஸ்ஸிங் பெர்சன்ஸ். தமிழ்ப் பத்திரிகைகள்ல அது 'காணாமல் போனோர் அலுவலகம்'. அதாவது 1970களில் ஆங்கிலம் எந்தச் சொல் போதாதுன்னு தள்ளி வெச்சுதோ, நாப்பது வருஷம் கழிச்சு அதே சொல்.

2017 பிப்ரவரியில் கிளிநொச்சி கந்தசாமி கோயிலுக்கு முன்னாடி அம்மாக்கள் உட்கார்ந்தாங்க. அடுத்த சில நாள்ல வவுனியாவிலும். கையில பிள்ளைகளோட போட்டோ. அவங்கள்ல பலர் 2009 மே மாசம் போர் முடிஞ்சப்போ தங்கள் கையாலேயே பிள்ளையையோ கணவரையோ ராணுவத்துக்கிட்ட ஒப்படைச்சவங்க. 'போனோர்'னு சொன்னா அவங்களுக்குக் கோபம் வரும். எங்க பிள்ளை எங்கயும் போகலை, நாங்கதானே கொண்டுபோய் விட்டோம். அவங்க பேனர்ல இருக்கிற சொல் 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்'. ஃபொர்சாதாவுக்கும் தெசபரெசீதோவுக்கும் தமிழ்ல இதைவிட நெருக்கமா யாரும் எழுதிட முடியாது. ஸ்பானிஷும் ஆங்கிலமும் இலக்கணத்தை வளைச்சுத்தான் செயப்பாட்டு வினையைக் கொண்டுவர வேண்டியிருந்துது. நமக்கு 'ஆக்கு', 'படு'ன்னு ரெண்டு சொல் கையிலேயே இருந்திருக்கு.

அர்ஜென்டினா 1994ல் ஒரு சட்டம் போட்டுச்சு. செத்துட்டார்னு எழுதாம, 'பலவந்தமாகக் காணாமலாக்கப்பட்டதால் இங்கே இல்லாதவர்'னு ஒருத்தரைக் கோர்ட்டில் பதிவு பண்ணிக்கலாம். சொத்து, பென்ஷன், மறுமணம் எல்லாத்துக்கும் அந்தத் தாள் போதும். இலங்கையிலும் 2016ல் மரணச் சான்றிதழுக்குப் பதிலா, ஆள் இல்லைன்னு சொல்ற ஒரு சான்றிதழுக்கு வழி பண்ணினாங்க. அம்மாக்கள்ல பலர் அந்தத் தாளையும் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அதுல 'ஆக்கப்பட்ட'ன்னு எங்கேயும் இல்லையாம்.